நான் கழுவிய ஏழு கற்கள்

டீ கொடுக்க முடியவில்லை, மன்னியுங்கள் நமக்வா அவர்களே. தேயிலை இருக்கிறது. சர்க்கரையை என் தங்கை மகள் எங்கே வைத்திருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை. நேற்று முழுக்கத் தேடினேன். ஏழு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அந்தச் சமையலறையில் இத்தனை டப்பாக்கள் இருப்பது நேற்றுதான் தெரிந்தது.

அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்காகப் பேசி முடிக்க வந்த அங்கோஸ்வே என் வீட்டில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகள் சியோனேவின் கல்யாணத்தை இனி என் தம்பி ஃபாக்ஸன் நின்று நடத்துவான் என்று எங்கள் குடும்பத்தில் முடிவாகிவிட்டது. பெண் வீட்டு அங்கோஸ்வே என்றால் தாய்மாமன்தான். மூத்தவன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது இளையவன் அந்த இடத்தில் உட்கார வேண்டுமானால், என்ன நடந்தது என்பதை நானே என் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். எனக்கு அதில் சங்கடம் ஒன்றுமில்லை. முழுக்கக் கேட்டுவிட்டால் நீங்களே என் பக்கத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பீர்கள்.

முதலில் மீனைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல்தான் எல்லோரும் என்னைக் கொலைகாரன் மாதிரிப் பார்க்கிறார்கள்.

நான் சலிமாவில், ஏரிக்கரையில், வெளிநாட்டுக்கு அழகு மீன் அனுப்பும் கொட்டகையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். பாறை இடுக்கில் வாழும் ம்புனா மீன்கள். நீலம், மஞ்சள், வரி போட்டது, புள்ளி வைத்தது. நம்மவர்கள் அவற்றை எலும்பு அதிகம் என்று சட்டியில் கூடப் போட மாட்டார்கள். எங்கோ குளிர் தேசத்தில் ஒருவன் அதைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். அவனவன் கஷ்டம் அவனவனுக்கு.

அங்கே நான் கற்றது ஒன்றுதான். புதுத் தொட்டியில் மீன் சாகும். பளபளவென்று கழுவி, கண்ணாடி போலத் தண்ணீர் ஊற்றிய தொட்டியில்தான் முதலில் சாகும். மீன் தின்கிறது, கழிகிறது. அந்தக் கழிவு தண்ணீரிலேயே நஞ்சாகிறது. பழைய தொட்டியில் கல்லிலும் பஞ்சிலும் வழவழவென்று ஒரு பாசி படிந்திருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருந்து அந்த நஞ்சைத் தின்றுவிடும். புதுத் தொட்டியில் அந்த உயிர்கள் இல்லை. அவை வந்து குடியேற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை மீன் தன் மூத்திரத்திலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். எங்கள் கொட்டகையில் புதுத் தொட்டி கட்டினால், விலை போகாத மீன் நாலைந்தை முதலில் விடுவோம். அவை செத்துத் தொட்டியைப் பழக்கிக் கொடுத்தபின் நல்ல மீனை விடுவோம். முதலில் விடுகிற மீனுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

இதை நான் சியோனேவிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையான உங்கள் அக்காள் மகன் லிம்பானியிடமும் சொல்லவில்லை. இருவரும் என்னிடம் கேட்கத்தான் செய்தார்கள்.

லிம்பானி நல்ல பையன். இல்லையென்று நான் எப்போதும் சொன்னதில்லை. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிக்கிற வேலை. எங்கள் தெரு அவன் சுற்றில் வருகிறது. எல்லோர் வீட்டு மீட்டரையும் மாதம் ஒருமுறை படிப்பான். எங்கள் வீட்டு மீட்டரை மட்டும் வாரம் ஒருமுறை படிக்க ஆரம்பித்தான். பிறகு வாரம் மூன்று முறை. பிறகு வேலைக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. சும்மா வந்ததாக இருக்கக் கூடாதென்று, வந்தபோதெல்லாம் மீட்டர் மூடியைத் திறந்து பார்த்து, சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் எண்ணைக் குறித்துக்கொள்வான். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்ன மீட்டர்காரரே, காலையில பாத்ததுக்கும் இப்பக்கும் என்ன ஓடிருக்கும்? நான் ரெண்டு தடவ ஒண்ணுக்குப் போனேன், அதையும் எழுதிக்க" என்பேன்.

"எழுதிட்டேன் மாமா. அதுக்குத் தனி ரேட்டு" என்பான். வாய் இருந்தது அவனுக்கு.

அவனுடைய அந்த நோட்டை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அது என் தப்பு.

சியோனே ஏரிக்கரையில் வளர்ந்தவள். இப்போது இந்த சோம்பா ஊரில், மலையடியில், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளி. ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு வெளுக்கிறவள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. என் கால்சட்டையில் அவள் வைக்கும் இஸ்திரி மடிப்பில் தக்காளி நறுக்கலாம். அவள் ஒருநாள் லிம்பானியிடம், சின்ன வயதில் ஏரிப் பாறையில் உட்கார்ந்து நீல மீனைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட கதையைச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் ஆஸ்பத்திரித் தச்சரிடம் சொல்லி ஒரு கண்ணாடித் தொட்டி செய்து கொண்டுவந்து இந்த மேசைமேல் வைத்துவிட்டான். அதோ, அடையாளம் இன்னும் இருக்கிறது பாருங்கள்.

அதே வாரம் நீங்கள் பெண் கேட்டு வந்தீர்கள். நிச்சய நாளில் நீங்கள் சேவல் கொடுக்க, நாங்கள் பெட்டை கொடுக்க, நானும் நீங்களும் கை மாற்றிக்கொள்ள வேண்டும். நூறு வருடமாக நடக்கிற காரியம். நான்தான் அன்று ஒரு வார்த்தை சொன்னேன்.

"கோழிய சந்தையில எவன் வேணும்னாலும் வாங்கிட்டு வருவான். உயிர ஒருத்தன் காப்பாத்துவானான்னு கோழியில எப்படித் தெரியும்? தம்பி மீன் தொட்டி வச்சிருக்கானாமே. ஒரு ஜோடி விடட்டும். முப்பது நாள். நிச்சயத்தன்னைக்கு ரெண்டும் உயிரோட இருந்தா என் பெட்டைக்கோழி உங்க கையில. ஒண்ணு போனாலும் இன்னும் காலம் வரலேன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தீர்கள். நீங்களும்தான். "கெழவனுக்குக் குசும்பு போகல, மீன வச்சுப் பரீட்ச வைக்கிறான்" என்றீர்கள். லிம்பானி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே மாமா, உங்களுக்குத் தெரியாத மீனா" என்றான். சியோனே கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது. புதுத் தொட்டி, குழாய்த் தண்ணீர், அதிலும் மலைத் தண்ணீர், ஏரி மீனுக்கு ஒத்துக்கொள்ளாதது. போதாக்குறைக்கு ம்புனாவில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் மட்டும் தனியே விட்டால் ஆண் அதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். பத்து நாள் கூடத் தாங்காது என்று கணக்குப் போட்டேன். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

கணக்கு தப்பியது லிம்பானியால். ஏரிக்குப் போய் மீன் வாங்கி வந்தவன், கூடவே ஒரு சாக்கும் கொண்டுவந்தான். சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உள்ளே ஏழு கற்கள். மேலெல்லாம் பச்சைப் பாசி. மினிபஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். கால்சட்டை முழுக்க ஈரம். கண்டக்டர், "பெரிய ஆளா ஆயிட்டே, இன்னும் நிறுத்தத் தெரியலையா" என்று கேட்டானாம்.

"கல்லு எதுக்குடா, இங்க மலையே இருக்கு?" என்றேன்.

"புது வீட்டுக்குப் போறவங்க பழைய வீட்டுச் சாமான் நாலு எடுத்துட்டுப் போவாங்கள்ல மாமா. இதுங்களுக்கும் ஆசை இருக்காதா?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாசத்தில் செய்தான். எனக்குத்தான் அந்தப் பாசி என்னவென்று தெரியும். நஞ்சைத் தின்கிற உயிர்கள் சாக்கு நிறைய வந்து இறங்கிவிட்டன. "கழுவிப் போடு, அழுக்கு" என்றேன். சியோனேவும் வாளியை எடுத்துவிட்டாள். அவளுக்கு அழுக்கைப் பார்த்தால் கை ஓடும். அவன், "இப்படியே இருக்கட்டும் சியோனே" என்றான். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எனக்குக் கை துறுதுறுங்குது, ஆனா நீங்க கேட்டுக்கிட்டதால விடுறேன்" என்றாள். தன் முப்பத்தாறு வயதுக்குள் அவள் அழுக்கை அழுக்காகவே விட்டது அன்றுதான்.

மீன்களுக்குப் பெயரும் வைத்தார்கள். நீல ஆண் எப்போதும் விரட்டிக்கொண்டே இருந்ததால் மேனேஜர். மஞ்சள் பெண் அதைக் கண்டுகொள்ளாமல் கல் இடுக்கில் தன் வேலையைப் பார்த்ததால் மேட்ரன். ஏழு கல்லில் ஒளிந்துகொள்ள அதற்கு இடம் நிறைய. பத்து நாள் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. நான் தினம் காலையில் எழுந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பேன். சியோனே அதைப் பார்த்து, "மாமாவுக்கு நம்மள விட அக்கற" என்று லிம்பானியிடம் சொல்லியிருக்கிறாள்.

கொஞ்சம் களியை உருட்டி உள்ளே போட்டுப் பார்த்தேன். சோளமாவு கரைந்து தண்ணீர் கலங்கியது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சியோனே பயந்துபோய் லிம்பானியைக் கூப்பிட்டாள். அவன் வாரியத்தில் யாரையோ கேட்டுவிட்டு வந்து, குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் அதில் போட்டிருக்கும் மருந்து போய்விடும் என்றான். அன்றிலிருந்து சமையலறையில் எப்போதும் நாலு வாளித் தண்ணீர். தினம் கொஞ்சம் மாற்றினார்கள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றுவிட்டது. அவள் ஒரு கோப்பையை எடுத்து, தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றி, மொண்டு ஊற்றி, கரண்ட் வரும்வரை இரண்டரை மணி நேரம் அப்படியே நின்றாள். நான் இந்த சோபாவில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தத்தில் நல்ல தூக்கம் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு சியோனேமேல் வெறுப்பு கிடையாது. எனக்கு இந்த உலகத்தில் அவளைத் தவிர யாரிடமும் பெரிய பாசம் கிடையாது. கொட்டகை மூடியபோது இரண்டு வாரம் தங்கலாமென்று வந்தேன். அவள், "இருங்க மாமா" என்றாள். இருந்துவிட்டேன். என் யோசனை எல்லாம் ஒன்றுதான். கல்யாணம் என்பதும் புதுத் தொட்டிதானே? பளபளவென்று இருக்கும். உள்ளே என்ன நஞ்சு ஏறுகிறது என்று முதல் வருடம் தெரியாது. பழைய தண்ணீரில் நன்றாக நீந்திக்கொண்டிருக்கிற மீனை எதற்கு மாற்ற வேண்டும்? நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னாலும் காப்பாற்றியிருக்கிறேன். ஃபாக்ஸன் அதையும் சொல்லச் சொன்னான்.

நான் வந்த வருடமே மெட்சன் என்று ஒரு வாத்தியார் அவளைப் பெண் கேட்டு வந்தார். நிச்சயம் வரை வந்துவிட்டது. தூரத்துக்காரர்கள், முதல் நாளே சேவலைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்கள். காலையில் சேவல் இல்லை. கயிறு மட்டும் இருந்தது. எல்லோரும் தேடினார்கள், நானும் தேடினேன். "மாப்பிள்ளைக்கு முன்னாடி சேவலுக்குப் புத்தி வந்திடுச்சு" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மாப்பிள்ளையின் தாயாருக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பேச்சு வளர்ந்து, அவர்கள் மினிபஸ் பிடித்துப் போய்விட்டார்கள். சேவலை நானும் என் சிநேகிதன் ஒருவனும் சாப்பிட்டோம். கொஞ்சம் முற்றல். ரொம்ப நேரம் வேகவைக்க வேண்டியிருந்தது.

அடுத்து யோஹானே என்று ஒரு லாரி ஓட்டுநர். எல்லைக்கு அப்பால் டேடே வரை சரக்கு கொண்டுபோகிறவன். அவனுக்கு டேடேயில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. இருக்காதா என்று சியோனேவிடம் கேட்டேன். அவ்வளவுதான். அதன்பின் அவள் கேட்டாள், அவன் கோபித்தான், நான் நடுவில் புகவில்லை.

மீனுக்கு வருவோம். இருபத்தாறாம் நாள், செவ்வாய்க்கிழமை. மீன்கள் இரண்டும் கொழுத்துப்போய் இருந்தன. சனிக்கிழமை நிச்சயம். சியோனே புதுத் துணி தைக்கக் கொடுத்திருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "மாமா, சனிக்கெழம உங்களுக்கும் புதுச் சட்ட. அளவு உங்க பழையதுலயே எடுத்துட்டேன்" என்றாள். லிம்பானி வழக்கம்போல வந்து, மீட்டரைப் பார்த்து, எழுதிக்கொண்டு, அவளோடு நடந்து போனான்.

அவர்கள் திருப்பம் தாண்டியதும் நான் எழுந்தேன். தோட்டக் குழாயை எடுத்துத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டேன். மீன்களை ஒரு சட்டியில் போட்டேன். ஏழு கற்களையும் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அவள் சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் வெளுப்பு மருந்து குளியலறையில் இருந்தது. அதை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். காற்று மோட்டார் பஞ்சையும் பிழிந்து பிழிந்து அலசினேன். வெள்ளையாகிவிட்டது. மூன்று தடவை நீர் மாற்றினேன். கற்கள் பளிச்சென்று ஆகிவிட்டன, முதுகு வலித்தது. ஏழு வருடத்தில் இந்த வீட்டில் நான் கழுவிய பொருள் அந்தக் கற்கள்தான். பிறகு நேராகக் குழாயிலிருந்து தொட்டியை நிரப்பினேன். சமையலறை வாளிகளை நான் தொடவில்லை. மீன்களை விட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படுத்தேன்.

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. அப்பால் இருக்கும் சுவர்க்காலண்டரில் தேதி படிக்கலாம்.

ஐந்து மணிக்கு சியோனே வந்தாள். மேனேஜர் மேலே மல்லாந்து கிடந்தான். மேட்ரன் அடியில் ஒரு மூலையில் செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. சியோனே கத்தவில்லை. பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அந்தப் பையோடே கையை விட்டு மேட்ரனை எடுத்துச் சமையலறை வாளியில் விட்டாள். பிறகு வந்து, என் முன்னால் நின்று, தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

"நாள் முழுக்க வெளுப்பு மருந்துலயே இருக்குற கையி. காலையில இந்தக் கையாலதான் தீனி போட்டேன். நான்தான் மாமா கொன்னுட்டேன்."

நான் அதை மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "தொட்டி என்ன இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று கேட்டாள். "உனக்கு உதவியா இருக்கட்டும்னு கண்ணாடிய மட்டும் கொஞ்சம் தொடச்சேன்" என்றேன். அவள் கண் கலங்கிப்போய் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீங்க இவ்ளோ செஞ்சும் நான் கெடுத்துட்டேனே" என்றாள்.

சனிக்கிழமை நீங்கள் சேவலோடு வந்து சேவலோடு திரும்பினீர்கள். லிம்பானி, "ஒரு மீனுதானே மாமா" என்று கெஞ்சினான். நான் வாக்கு மாறாதவன் என்று உங்களுக்குத் தெரியும். அவளே அவனைத் தடுத்தாள். "வேணாங்க. என் கை பட்டது எதுவும் வாழாது" என்றாள். அதற்குப்பின் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது பார்ப்பாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்ப்பாள். மேட்ரனுக்குத் தீனி போடக் கரண்டி வைத்துக்கொண்டாள். ஃபாக்ஸன் தன் பேரக்குழந்தையைத் தூக்கி வந்தபோது, வாங்க மாட்டேனென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் களி கிண்டும்போது கை நடுங்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், இஸ்திரி போட்டாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து லிம்பானி வந்தான். மெலிந்திருந்தான். உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தான்.

"மாமா, மாசக் கடைசியில கணக்குப் பாக்குறப்பத்தான் கவனிச்சேன். இந்த வீட்டுல ஒரு நாளைக்கு நூத்தம்பது லிட்டர் ஓடும். அந்தச் செவ்வாக்கெழம காலையிலயும் நான் எழுதிருக்கேன், சாயங்காலமும் எழுதிருக்கேன். நடுவுல எழுநூத்து இருவது லிட்டர் ஓடிருக்கு. சியோனே வேலையில இருந்தா. வீட்டுல நீங்க மட்டுந்தான்."

"தோட்டத்துக்கு விட்டேன்" என்றேன். "சோளத்துக்கு."

அவன் நோட்டை மூடினான். பெரியவன் முகத்தில் அடித்த மாதிரிப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். சமையலறையிலிருந்து சியோனேதான் வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"மழையே வரல, சோளம் இன்னும் வெதைக்கவே இல்லையே மாமா."

நான் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. குளியலறைக்குப் போய் வெளுப்பு மருந்துக் கேனை எடுத்து வந்து ஆட்டிப் பார்த்தாள். காலி. அதை என் முன்னால் மெதுவாக வைத்தாள். பிறகு கையை விரித்துப் பார்த்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் கையி இல்ல" என்றாள். லிம்பானியிடம் திரும்பி, "என் கையி இல்லீங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அவன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அந்த இடத்தில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

அழுது முடித்தபின் அவள் கேட்டது ஒரே கேள்வி. "அந்தச் சேவல் ஓடிப்போச்சா மாமா?"

கழுவுற மீனில் நழுவுற மீன் என்று என்னைச் சொல்வார்கள். அன்று நழுவத் தோன்றவில்லை. "நல்லா இருந்துச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவ்வளவுதான் நமக்வா அவர்களே. ஆமாம், மீனைக் கொன்றது நான். சேவலைத் தின்றது நான். ஓட்டுநரைப் பற்றிக் கேட்டது நான். அவள் தன் கையைக் கொலைகாரக் கை என்று நினைத்து வாடியதை மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். ஃபாக்ஸன் என் இடத்தில் உட்காரட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. பெட்டைக்கோழி பின்னால் கூண்டில் இருக்கிறது, போகும்போது கையோடு எடுத்துப் போய்விடுங்கள். இதுவும் ஃபாக்ஸன் சொன்னதுதான், நான் அதற்கு ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

தொட்டியை லிம்பானி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுபடி ஏரிக்குப் போய்ப் பாசிக் கல் எடுத்து வந்தார்களாம், இந்தத் தடவை இரண்டு பேருமாக. சியோனே நிச்சயம் வரை தாய் வீட்டில் இருக்கிறாள். கிளம்பும்போது மேட்ரனை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் விட்டு இந்த ஜன்னலோரம் வைத்தாள். செவுள் வெந்துபோன மீன், பயணம் தாங்காது என்றாள். பக்கத்தில் நாலு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். தீனி டப்பாவைத் திறந்து காட்டினாள்.

"மீன பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா மாமா. இத மட்டும் பாத்துக்கங்க. வேற ஒண்ணும் உங்ககிட்ட நான் கேக்கல" என்றாள்.

நாலாம் நாள் அதுவும் செத்துப்போயிற்று. என்ன செய்வது, தண்ணீர் மாற்றவும் தீனி போடவும் வீட்டில் யாரும் இல்லையே.